ராயபுரம் ரயில் நிலையம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராயபுரம் நிலையம் மூடப்பட்டுவிட்டதா?

மூடப்படவில்லை. சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து கும்மிடிப்பூண்டிப் பக்கமும் திருவள்ளூர்ப் பக்கமும் செல்லும் புறநகர் மின்ரயில்கள் இன்றும் இங்கே நின்று செல்கின்றன. ஆனால் "பாழடைந்த நிலையம்", "கைவிடப்பட்ட நிலையம்" என்று பலர் சொல்வதிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. கைவிடப்பட்டது நிலையம் அன்று, முனையம். வெளியூர்ப் பயணிகள் மூட்டை முடிச்சுகளுடன் வந்து ஏறிய இடம், தென்னாட்டுக்கே ரயில் புறப்பட்ட இடம் என்ற நிலை போய், மின்ரயில் அரை நிமிடம் நின்று நகரும் நிறுத்தமாக அது சுருங்கிவிட்டது. பெரிய கட்டடமும் சிறிய பயன்பாடும் ஒரே இடத்தில் இருப்பதால்தான் பார்ப்பவருக்கு அது கைவிடப்பட்டதாகத் தோன்றுகிறது.

எப்போது, யாரால் திறக்கப்பட்டது?

1856 ஜூன் 28 அன்று, அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் ஹாரிஸ் பிரபு திறந்துவைத்தார். பொதுமக்களுக்கான ரயில் போக்குவரத்து ஜூலை 1 அன்று தொடங்கியது. இரண்டு தேதிகளும் புழக்கத்தில் இருப்பதற்குக் காரணம் இதுதான். ஒன்று விழா நாள், மற்றொன்று பயணச்சீட்டு விற்கத் தொடங்கிய நாள். இரண்டில் எதைச் சொன்னாலும் பிழையில்லை, எதைச் சொல்கிறோம் என்பது தெரிந்திருந்தால் போதும். திறப்பு விழாவன்று ஆளுநரும் அழைக்கப்பட்ட ஐரோப்பியர் ஏறத்தாழ முந்நூறு பேரும் ஏறிய ரயில் வாலாஜா ரோடு நோக்கிச் சென்றது. மற்றொரு ரயில் திருவள்ளூர் வரை ஓட்டப்பட்டது. இந்த ரயில்களின் பெட்டிகளைச் செய்துகொடுத்தது, குதிரை வண்டிகள் கட்டுவதில் பெயர்பெற்றிருந்த சென்னைச் சிம்சன் நிறுவனம். கோச்சு வண்டி கட்டியவர்களே ரயில் பெட்டியும் கட்டினார்கள் என்பதில் வியப்பில்லை. அந்நாளைய ரயில் பெட்டி, இரும்புச் சக்கரம் பூட்டிய கோச்சு வண்டியைப் போலத்தான் இருந்தது.

முதல் பாதை எதுவரை சென்றது? ஏன் அங்கே?

ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ள வாலாஜா ரோடு வரை. அந்த நிலையத்துக்கு அப்போது வைத்த பெயர் ஆற்காடு. உண்மையில் ஆற்காடு ஊர் பாலாற்றின் தென்கரையில் இருக்கிறது; ரயில் நின்றதோ வடகரைப் பக்கம். ஆகவே ஆற்காட்டுக்குப் பயணச்சீட்டு வாங்கியவர் இறங்கிய பின் ஆற்றைக் கடந்துதான் ஊர் சேர வேண்டியிருந்தது. நவாபுகளின் பழைய தலைநகரம், படை முகாம், உள்நாட்டுச் சந்தைகளுக்கான வழி என்று ஆற்காட்டுப் பகுதிக்கு இருந்த முக்கியத்துவம் ஒரு காரணம். மேற்குக் கரை வரை போக வேண்டிய பெரும்பாதையின் முதல் கட்டமே இது என்பது இன்னொரு காரணம், அதுவே பெரிய காரணமும்கூட. 1862-இல் அந்தப் பாதை கோழிக்கோட்டை அடுத்த பேப்பூரை எட்டியது. வங்கக் கடலோரம் ராயபுரத்தில் ஏறியவர் அரபிக்கடலோரம் இறங்க முடிந்தது.

பாதையை யார் போட்டார்கள்? பணம் யாருடையது?

1845-இல் லண்டனில் உருவான மெட்ராஸ் ரயில்வே கம்பெனிதான் போட்டது. கம்பெனி உருவான உடனே வேலை தொடங்கிவிடவில்லை. முதலீட்டுக்கு உறுதியான வருவாய் கிடைக்குமா என்ற கேள்வியில் சில ஆண்டுகள் கழிந்தன. இறுதியில், ரயில் லாபம் ஈட்டினாலும் ஈட்டாவிட்டாலும் பங்குதாரர்களுக்கு ஐந்து சதவீதம் வரை வட்டி கிடைக்கும் என்று ஆட்சியாளர்கள் உத்தரவாதம் அளித்த பிறகே பணம் திரண்டது. குறைந்தால் ஈடுகட்ட வேண்டியது இந்திய வரிப்பணம். லாபம் லண்டனுக்கும் நட்டம் இங்குள்ள குடியானவனுக்கும் என்ற இந்த ஏற்பாட்டை அக்காலத்திலேயே பலர் கண்டித்திருக்கிறார்கள், நியாயமாகவே. ராயபுரத்தில் 1853 ஜூன் மாதம் வேலை தொடங்கியது. மூன்றே ஆண்டுகளில் பாதை தயாரானது. தண்டவாளங்களின் இடைவெளி 1,676 மில்லிமீட்டர், அதாவது இன்றும் நாடெங்கும் உள்ள அகலப்பாதை. 1856-இல் போட்ட அதே அளவில்தான் இன்றைய மின்ரயிலும் ராயபுரத்தைக் கடக்கிறது.

நகரின் நடுவில் கட்டாமல் வடக்கே ஓர் ஓரத்தில் ஏன் கட்டினார்கள்?

"ஓரம்" என்பது இன்றைய கண்ணுக்குத் தெரிவது. 1850களில் சென்னையின் வணிகம் முழுவதும் கோட்டைக்கு வடக்கே, பின்னாளில் ஜார்ஜ் டவுன் எனப்பட்ட கருப்பர் பட்டணத்திலும் அதை ஒட்டிய கடற்கரையிலும்தான் இருந்தது. ராயபுரம் அதன் வடக்கு வாசலை ஒட்டிய இடம். சரக்கும் கப்பலும் பண்டகசாலையும் எங்கே இருந்தனவோ அதன் பக்கத்தில் ரயிலைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

அப்போது சென்னைக்குத் துறைமுகமே கிடையாது என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நின்றன. ஆணியடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள்தான் அலையைக் கடந்து ஆட்களையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவந்தன. பலகைகளைத் தைத்த படகு என்பதால் அலை தூக்கி அடிக்கும்போது அது உடையாமல் சற்றே வளைந்துகொடுக்கும். அப்படி நனைந்து கரையேறிய பொதிகளை வண்டியேற்றி நகரைக் கடந்து கொண்டுசெல்வதைவிட, கரையிலேயே ரயிலேற்றுவது எவ்வளவு லாபம் என்பதை யாரும் சொல்லத் தேவையில்லை. கடலுக்குள் நீண்ட இரும்புப் பாலத்துறை 1861-இல்தான் வந்தது. செயற்கைத் துறைமுகத்துக்கு 1875-இல் அடிக்கல் நாட்டி, முடியும் தறுவாயில் 1881 நவம்பர் புயல் அலைதாங்கிச் சுவர்களைச் சிதைத்துப் போட்டது. துறைமுகத்துக்காக ரயில் வந்தது என்று பலர் எழுதுகிறார்கள். வரிசை அதற்கு நேர்மாறானது: ராயபுரத்து ரயிலுக்குப் பின்னர்தான் சென்னைக்குத் துறைமுகம் வந்தது.

இந்தியாவின் முதல் ரயில் நிலையம் ராயபுரம்தானா?

இல்லை. இந்தக் கேள்விக்குத்தான் அதிகமாகத் தவறான விடை உலவுகிறது. பயணிகள் ரயில் முதலில் ஓடியது 1853 ஏப்ரல் 16 அன்று பம்பாயின் போரி பந்தரிலிருந்து தானேவுக்கு. அடுத்தது 1854 ஆகஸ்டில் ஹவுராவிலிருந்து ஹூக்ளிக்கு. ராயபுரம் மூன்றாவது, தென்னிந்தியாவில் முதலாவது.

அப்படியானால் ராயபுரத்தின் தனிச்சிறப்பு என்ன? போரி பந்தர் நிலையம் இருந்த இடத்தில் 1880களில் விக்டோரியா முனையம் எழுந்துவிட்டது. ஹவுராவின் முதல் நிலையமும் போய், இப்போதுள்ள கட்டடம் 1905-இல் வந்தது. மூன்று தொடக்க முனையங்களில் தன் முதல் கட்டடத்தோடு நிற்பது ராயபுரம் மட்டுமே. "இந்தியாவின் முதல் நிலையம்" என்பது தவறு. "எஞ்சியிருக்கும் மிகப் பழைய நிலையக் கட்டடம்" என்பது சரி. முதலிடம் கிடைத்தால்தான் பெருமை என்று நினைப்பவர்கள் இந்த வேறுபாட்டை விரும்புவதில்லை.

இன்னும் ஒன்று. சரக்கு ரயிலையும் கணக்கில் சேர்த்தால் ராயபுரத்துக்கு முன்பே சென்னையில் இருப்புப்பாதை இருந்திருக்கிறது. 1837 வாக்கில் செங்குன்றத்திலிருந்து சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் சாலை போடுவதற்கான கல்லை ஏற்றிவர ஒரு சிறு பாதை இயங்கியது. பயணிகளுக்கானதாக அது அமையவில்லை. நீண்ட காலம் நிலைக்கவும் இல்லை.

கட்டடம் எப்படிப்பட்டது?

நீளமான, மேல்தளம் கொண்ட கட்டடம். அதன் முகப்பில் வரிசையாக நிற்கும் உயரமான உருண்டைத் தூண்கள்தான் முதலில் கண்ணில் படும். கிரேக்க, ரோமானியக் கோயில் மண்டபங்களைப் பார்த்து ஐரோப்பியர் வகுத்துக்கொண்ட பாணி அது. சென்னையில் அக்காலத்து அரசுக் கட்டடங்களும் தோட்ட வீடுகளும் பெரும்பாலும் இதே பாணியில்தான் கட்டப்பட்டன. ஆகவே 1856-இல் ராயபுரம் நிலையத்தைப் பார்த்தவருக்கு அது புதுமையான "ரயில் நிலையம்" போலத் தோன்றியிருக்காது. பெரிய மனிதர் ஒருவரின் மாளிகை போலவோ விருந்து மண்டபம் போலவோ தோன்றியிருக்கும். ரயில் நிலையம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற வழக்கம் இந்த நாட்டில் அப்போது உருவாகவே இல்லை. கூம்புக் கோபுரமும் மணிக்கூண்டும் செங்கல் வளைவுகளுமாகச் சென்ட்ரலும் எழும்பூரும் நம் மனத்தில் பதித்திருக்கும் உருவம் பிற்காலத்தது.

திறப்பு விழாவின்போது நிலையத்தின் உட்புறத்தையும் முகப்பையும் சித்திரமாக வரைந்து லண்டனின் படப் பத்திரிகை ஒன்று வெளியிட்டது. அந்தப் படங்களுடன் இன்றைய முகப்பை ஒப்பிட்டால் தூண் வரிசை அப்படியே இருப்பதைக் காணலாம்.

ராயபுரம் என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

விஜயநகர ராயர்களின் பெயர் என்று எண்ணுவோர் உண்டு. ஆனால் ஊரின் பெயர் புனித இராயப்பரிலிருந்து வந்தது. இயேசுவின் சீடரான பீட்டரைத் தமிழ்க் கத்தோலிக்கர் இராயப்பர் என்று அழைப்பார்கள். கடலோடிகளும் படகுக்காரர்களும் வாழ்ந்த இப்பகுதியில் அவர் பெயரில் அமைந்த தேவாலயம் நிலையத்தைவிடப் பழையது. பீட்டரும் படகுக்காரர்தானே. மசூலாப் படகோட்டிகளின் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் அமைந்திருக்க முடியாது.

ராயபுரம் தன் முக்கியத்துவத்தை எப்போது இழந்தது?

ஒரே நாளில் இழக்கவில்லை. ஒரே ஆணையாலும் இழக்கவில்லை. நிலையத்தின் வரலாற்றில் கவனித்துப் படிக்க வேண்டிய பகுதி இதுதான் என்பது என் எண்ணம்.

முதல் பதினைந்து ஆண்டுகளில் ராயபுரத்திலிருந்து புறப்பட்ட பாதைகள் வேகமாகக் கிளைத்தன. 1864-இல் ஜோலார்பேட்டை வழியாகப் பெங்களூருக்கு ரயில் சென்றது. அரக்கோணத்தில் பிரிந்து வடமேற்கே சென்ற பாதை, 1871-இல் ராய்ச்சூரில் பம்பாயிலிருந்து வந்த பாதையைச் சந்தித்தது. ஒரு முனையத்துக்கு இத்தனை வழிகள் வந்து சேர்ந்தபோது இடநெருக்கடியும் வந்துவிட்டது. பார்க் டவுனில் இரண்டாவது முனையமாகச் சென்ட்ரல் 1873-இல் திறக்கப்பட்டது. ஆக 1871-க்கும் 1873-க்கும் இடையில் பம்பாயிலிருந்து ரயிலில் வந்தவருக்குச் சென்னை என்றால் ராயபுரம்தான். அந்த மிகக் குறுகிய காலமே ராயபுரத்தின் உச்சம்.

சென்ட்ரல் வந்த பிறகும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ராயபுரம் முனையமாக நீடித்தது. இதற்கிடையே நகரம் தெற்கேயும் மேற்கேயும் வளர்ந்தது. அண்ணாசாலையில் கடைகள் பெருகின. வசதி படைத்தவர்கள் நுங்கம்பாக்கம், எழும்பூர்ப் பக்கம் வாழ்ந்தார்கள். அவர்களுக்குச் சென்ட்ரல் அருகில் இருந்தது, ராயபுரம் தொலைவில் இருந்தது. கடற்கரைப் பாதை தெற்கு நோக்கி நீட்டப்பட்ட 1907-இல் நெடுந்தொலைவு ரயில்களின் முனையம் சென்ட்ரலுக்கே முழுமையாக மாறியது. ராயபுரம் இடைவழி நிலையமாயிற்று. அதே வேளையில் மெட்ராஸ் ரயில்வே கம்பெனியின் ஒப்பந்தமும் முடிவுக்கு வந்தது. அதன் பாதைகள் அரசுடைமையாகி, 1908 முதல் ஒரு பகுதி மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வேயிடமும் மறுபகுதி தென்னிந்திய ரயில்வேயிடமும் ஒப்படைக்கப்பட்டது. நிலையத்தைக் கட்டிய கம்பெனியே அத்துடன் இல்லாமற்போயிற்று.

கடைசியாகப் போனது அலுவலகம். ரயில்கள் போன பின்னும் மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வேயின் தலைமையகம் ராயபுரத்தில் இருந்தது. 1922 டிசம்பரில் சென்ட்ரலுக்குப் பக்கத்தில் கருங்கல்லால் எழுப்பிய புதிய கட்டடத்துக்கு அது மாறியது. இன்றைய தெற்கு ரயில்வேயின் தலைமையகம் அதுவே. தலைமையகம் எழும்பூருக்கு மாறியதாகச் சில குறிப்புகளில் காணப்படுவதை நம்ப வேண்டாம். எழும்பூர் போட்டிக் கம்பெனியான தென்னிந்திய ரயில்வேயின் நிலையம். அதன் தலைமையகமோ திருச்சியில் இருந்தது.

1931-இல் சென்னைக்கு மின்சார ரயில் வந்தபோது ராயபுரத்துக்கு ஏன் வரவில்லை?

தண்டவாளத்தின் அகலம்தான் காரணம். 1931-இல் மின்மயமானது தென்னிந்திய ரயில்வே நடத்திய கடற்கரை–தாம்பரம் பாதை. அது மீட்டர்கேஜ், அதாவது தண்டவாளங்களுக்கிடையே ஒரு மீட்டர் மட்டுமே உள்ள குறுகிய பாதை. ராயபுரமோ மற்றொரு கம்பெனியின் அகலப்பாதையில் இருந்தது. மின்ரயிலின் கடைசி நிலையமான கடற்கரைக்கு அடுத்த நிறுத்தமே ராயபுரம். இருந்தும் அந்த ரயில் அங்கே வர வழியில்லை. தென்சென்னையில் மாம்பலமும் சைதாப்பேட்டையும் மின்ரயிலால் வளர்ந்துகொண்டிருந்தபோது, நகரின் மூத்த நிலையத்தில் நீராவி எஞ்சின்தான் மூச்சுவிட்டுக்கொண்டிருந்தது. வடசென்னை பின்தங்கியதற்குப் பலரும் பல காரணம் சொல்வார்கள். இந்த இடைவெளியையும் அவற்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பல பத்தாண்டுகளுக்குப் பின் வடக்கு, மேற்குப் பாதைகளும் மின்மயமான பிறகே ராயபுரம் புறநகர் ரயில் வலைக்குள் முறையாக வந்தது. கடற்கரை–தாம்பரம் மீட்டர்கேஜ் சேவை 2004 ஜூலையில் முடிவுக்கு வந்தது. இப்போது எங்கும் ஒரே அகலம்.

நிலையத்தைச் சுற்றியுள்ள ரயில்வே நிலத்தில் என்ன நடக்கிறது?

பயணிகள் கண்ணுக்குப் படாத பெரிய வேலை நடக்கிறது. துறைமுகத்துக்குப் போய்வரும் சரக்குப் பாதைகள் இங்கே கூடுகின்றன. மின்சார எஞ்சின்களைப் பராமரிக்கும் பணிமனையும் ராயபுரத்தில் இருக்கிறது. நெடுந்தொலைவு ரயில்களை இழுத்துச் செல்லும் எஞ்சின் பக்கவாட்டில் "ராயபுரம்" என்று எழுதியிருப்பதைப் பலரும் பார்த்திருப்பார்கள். அந்த எஞ்சின் சேர்ந்த பணிமனையின் பெயர் அது. முனையம் போனாலும் பெயர் மட்டும் இப்படி நாடு முழுவதும் ஓடிக்கொண்டிருக்கிறது.

கட்டடம் சீர்செய்யப்பட்டதா?

ஆம். நீண்ட காலம் கவனிப்பின்றிக் கிடந்த பிறகு புதுப்பிக்கப்பட்டு, 2005 அக்டோபரில் அப்போதைய ரயில்வே இணை அமைச்சர் ஆர். வேலுவால் திறந்துவைக்கப்பட்டது. முகப்பு மீண்டது. ஆனால் பழைய கட்டடத்துக்குத் தேவை ஒருமுறைச் சீரமைப்பு அன்று, அன்றாடப் பயன்பாடு. ஆள் நடமாட்டமில்லாத அறையில் கடற்காற்றின் உப்பு வெகு விரைவில் தன் வேலையைக் காட்டிவிடும்.

அந்தக் கடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். துறைமுகத்தின் சுவர்கள், கடற்கரையை ஒட்டி வடக்கு நோக்கி நகரும் மணலைத் தடுத்து நிறுத்தின. தெற்கே தங்கிய மணலால் மெரினா அகன்றது. மணல் வந்துசேராத வடக்கே ராயபுரத்துக் கரை அரிக்கப்பட்டது. கல் கொட்டித்தான் கரையைக் காக்க வேண்டியதாயிற்று. மெரினாவில் மாலைக்காற்று வாங்குகிறவர் காலடியில் இருக்கும் மணலில் கொஞ்சம் ராயபுரத்துக்குச் சேர வேண்டியது.

மீண்டும் முனையமாக்கும் கோரிக்கை என்ன ஆயிற்று?

சென்ட்ரலும் எழும்பூரும் நெரிசலால் திணறத் தொடங்கிய காலத்திலிருந்தே இந்தக் கோரிக்கை இருக்கிறது. வடசென்னை மக்களும் பயணிகள் சங்கங்களும் தொடர்ந்து வலியுறுத்தினார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. கோருவோர் சொல்லும் வாதம் வலுவானது: ரயில்வேக்குச் சொந்தமான பரந்த நிலம் இருக்கிறது, தெற்கிலிருந்து எழும்பூர், கடற்கரை வழியாக வரும் ரயில் இங்கிருந்து எஞ்சினைத் திருப்பாமலேயே வடக்கேயும் மேற்கேயும் போகலாம். எதிர்வாதமும் உண்டு. சரக்குப் போக்குவரத்தை வேறிடம் மாற்ற வேண்டும். குறுகலான சாலைகளில் துறைமுகத்துக்கு வரும் கன்டெய்னர் லாரிகளுக்கிடையே பயணிகள் நிலையத்தை வந்தடைவது எளிதன்று. மூன்றாவது முனையமாகத் தாம்பரம் வளர்க்கப்பட்டது. தென்மாவட்ட ரயில்களுக்குத் தாம்பரம் பொருத்தமானதே. வடக்கு நோக்கிய ரயில்களுக்கு அது எவ்வகையில் உதவும் என்ற கேள்விக்கு நிறைவான விடை கிடைக்கவில்லை என்பதுதான் என் கருத்து.

நேரில் பார்க்க எப்படிச் செல்வது?

கடற்கரை நிலையத்தில் வடக்கு அல்லது மேற்கு செல்லும் மின்ரயிலில் ஏறினால் முதல் நிறுத்தம் ராயபுரம். அதைத் தாண்டினால் வண்ணாரப்பேட்டை. இறங்கியதும் நடைமேடையிலேயே நின்றுவிடாமல் வெளியே சென்று சாலைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். தூண் முகப்பின் முழு நீளமும் அங்கிருந்துதான் தெரியும். பயணம் செய்யாமல் பார்க்க மட்டும் வருபவர் உள்ளே செல்ல நடைமேடைச் சீட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். காலை நேரம் நல்லது. கிழக்கே கடல் பக்கமிருந்து வரும் வெயிலில் தூண்களின் நிழல் தரையில் நீளமாக விழும். அலுவலக நெரிசல் முடிந்த பிறகு சென்றால், காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து கூடையுடன் வரும் பெண்கள் அடுத்த ரயிலுக்காக உட்கார்ந்திருப்பார்கள்.